மூடியில் நாமம்

1

இந்தக் கதை ஒரு லேப்டாப்பின் உடைந்த கீலிலிருந்து பிறந்தது. பெரிய இடத்துப் பிறப்பில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

முதல் தொடக்கம்: "நகரியில் பொழுது மெல்லப் புலர்ந்து..." பாதியில் விட்டேன். விசைத்தறி ஓடும் ஊரில் எது மெல்லப் புலரும்?

2

கோவர்த்தனன் அந்தத் தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் புடவை பார்டர் வரைபவன். (அவன் நானில்லை. அவனுக்குத் தலையில் முடி உண்டு.) லேப்டாப்பின் மூடி நிற்காமல் மல்லாந்துவிடும், பின்னால் சொம்பை முட்டுக்கொடுத்து வேலை செய்வான். பழசை விற்றால்தான் புதுசு. புதுசு இல்லையென்றால் கல்யாண சீசன் ஆர்டர் பக்கத்துப் புத்தூர்க்காரர்களுக்குப் போய்விடும். மனைவி பிரமிளாவோடு திருப்பதிக்கு பஸ் ஏறினான்.

3

கடைக்காரர் நாகபூஷணம் தட்டிப் பார்த்தார். "கெட்டி பாடிண்ணா. இப்ப வர்றதெல்லாம் அப்பளம். கீலு மட்டும் சென்னைல இருந்து வரணும், நாளாவும். நீ குடுத்துடு, நல்ல ரேட்டு போட்டுத் தர்றேன்."

பிறகு மூடியைத் திருப்பினார். சட்டென்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மூடி நிறைய நாமம். வெள்ளையும் சிவப்பும் நெயில் பாலிஷ்.

"ஆயுதபூஜைக்கு வச்ச குங்குமம் மறுநாளே பையில ஒட்டிகினு போச்சு," என்றாள் பிரமிளா. "அடுத்த வருஷம் வரைக்கும் சாமி நிக்க வேணாமா?"

"அழிச்சாத்தான் விக்கும். ஆனா நா வல்ல காதண்ணா, என்னால ஆவாது. மலைக்குக் கீழ கடை வச்சிகினு சாமிய அழிக்கவா?" தின்னர் பாட்டிலைக் கோவர்த்தனனிடம் தள்ளினார்.

அவன் பிரமிளாவிடம் தள்ளினான். "நீதான வரைஞ்ச?"

"வரையத்தான் தெரியும். நீ அழி, பாக்கலாம்."

பாட்டில் மூடி திறக்காமலே மேசைக்குத் திரும்பியது.*

அப்போது பிரிண்டர் மை வாங்க வந்திருந்த கேசவன் என்பவர் எட்டிப் பார்த்தார். "நாமத்தோடயே எனக்குக் குடுங்க. ஆயிரம் மேலயே போட்டுத் தர்றேன்."

கோவர்த்தனன் பிரமிளாவைப் பார்த்தான். பிரமிளா மின்விசிறியைப் பார்த்தாள்.

4

முடிவு (அ): கேசவனுக்குக் கொடுத்தான். புதுசு வந்தது. வழவழவென்று, மொட்டை மூடியோடு. ஆர்டரும் தப்பியது.

முடிவு (ஆ): கீலுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். அவள் மூடியைப் பிடித்துக்கொள்ள, அவன் பார்டர் வரைந்தான். "கை கடுக்குதுடா, சீக்கிரம் போடு," என்று அவள் திட்டிய இடத்தில் ஒரு மாங்காய் கொஞ்சம் கோணல். கேட்டால் புது டிசைன் என்று சொல்லி...

மன்னிக்கவும், மூடி விழுந்துவிட்டது. சொம்பைப் பிரமிளா இப்போதுதான் தண்ணீர் மொள்ள எடுத்துக்கொண்டு போனாள்.

நீங்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறீர்களா? அப்படியே முடிவையும் நீங்களே சொல்லிவிடுங்கள். நாமத்தின் மேல் மட்டும் விரல் படாமல்.

* நாமம் போட்டுவிட்டார்கள் என்று சிரிக்காதீர்கள். அந்த நகைச்சுவையை எழுதி அழித்துவிட்டேன். இந்தக் கதையில் அழிந்தது அது ஒன்றுதான்.