வெள்ளிக்கிழமைச் சந்தனம்

மோகனா அக்கா கொண்டுவந்த கைப்பேசி, கம்பெனியின் பெயர் திரையில் வந்ததும் அணைந்துவிடும். மறுபடி தானே எரியும், மறுபடி அணையும். அது அவர் மகள் ஷாமினியுடையது. ஷாமினி டெங்கிக் காய்ச்சலில் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

ரந்தாவ் ஊரில் எங்கள் எதிர் வீடு அவர்களுடையது. நான் பக்கத்து நகரமான சிரம்பானில் மாலை வகுப்பில் கைப்பேசி பழுதுபார்க்கப் படிக்கிறேன். சேர்ந்து ஏழு வாரம்தான். கடைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். கடைக்காரன் எல்லாவற்றையும் அழித்துவிடுவான் என்று அக்கா பயந்தார். அவர் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வடை விற்கக் கூவுவதை, அதே குரலில் கூவிக் காட்டி ஷாமினி பதிவு செய்திருந்தாளாம்.

"என்னைக் கிண்டல் பண்றதுதான். அந்தக் குரல மட்டும் எடுத்துக் குடுத்துரு தம்பி. வேற எதுவும் வேணாம்லா."

வரிசையாகச் செய்தேன். மூன்று மணி நேரம் சார்ஜில் போட்டேன். சிம் கார்டைக் கழற்றினேன். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி டிக் போட்டேன். அடுத்தது, தற்காலிகக் கோப்புகளை மட்டும் அழிப்பது. அதனால் படமோ குரலோ போகாது. திரையில் வரும் பட்டியலில் ஒலிப் பொத்தானால் வரிவரியாக இறங்கி, பவர் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அழிக்கும் வரி அதற்கு நேர் மேலே இருந்தது. அதைத் தாண்டும்போது திரை மாறி, உறுதிதானா என்று கேட்டது. சரியான வரிக்கு வந்துவிட்டேன், என் விரல்தான் பவர் பொத்தானில் பட்டிருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக் கதவைப் பூட்டினால்கூட மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன் நான். அன்று அந்தக் கேள்விக்கு மேலே என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. ஆம் என்றேன்.

அதற்குப் பிறகும் அது அணைந்து அணைந்து எரிந்தது. கழற்றிப் பார்த்தேன். பவர் பொத்தானின் இடுக்கில் மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. சந்தனம். வெள்ளிதோறும் ஷாமினியின் படத்துக்குப் பொட்டு வைக்கும்போது, படத்தடியில் இருந்த கைப்பேசிக்கும் அக்கா வைத்திருக்கிறார். திரையிலிருந்த பொட்டை முதல் நாளே துடைத்தவன் நான். ஓரத்தைப் பார்க்கவில்லை. பொத்தான் அழுந்தியபடி இருந்ததால்தான் கைப்பேசி அணைந்தது. எல்லாவற்றையும் அழிக்கும் அந்த வரியும் அதனால்தான் தானே தேர்வாகியிருக்கிறது. முதலில் ஓரத்தைச் சுத்தம் செய்திருந்தால் போதும்.

துடைத்ததும் ஒழுங்காக எழுந்தது, ஆனால் புதுக் கைப்பேசிபோல் காலியாக. மீட்க முடியுமா என்று எங்கள் ஆசிரியர் சந்திரனிடம் கேட்டேன். இதில் அழிந்தால் அழிந்ததுதான் என்றார்.

வெளிச்சமான திரையைப் பார்த்ததும் அக்கா சிரித்தார். நான் முதலில் சந்தனத்தைப் பற்றிச் சொன்னேன். அதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

"அப்ப நான்தான் கெடுத்துட்டேனா?"

"இல்லக்கா. பட்டன்தான் இறுகிப்போச்சு. எல்லாத்தையும் அழிச்சது நான்."

அவர் திட்டவில்லை. கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

"கீழ இருக்கும். இழுத்துப் பாரு."

பதிவுகள் இருக்கும் இடத்தைத் திறந்து விரலால் இழுத்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் கீழே என்றார். இழுத்தேன். அவர் சொல்லச் சொல்ல, அந்த வெற்றுத் திரையை இழுத்துக்கொண்டே இருந்தேன்.