விரிப்பின் மறுமுனை

மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு அவள் சூப்பர்வைசராகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதவி அவளுடையது, அதிகாரம் பெரியக்காவுடையது. பெரியக்கா வெறும் இஸ்திரிக்காரிதான். ஆனால் அவள் தும்மினால் கூடமே மூக்கைத் துடைக்கும். தன் அக்கா மகளுக்கு வரவேண்டிய நாற்காலியில் இவள் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று பெரியக்காவுக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அதுதான் கொடுமை. "சரிங்க" என்பார்கள், கண் மட்டும் பெரியக்கா பக்கம் போய்வரும். அங்கே புருவம் அசையாவிட்டால் இங்கே ஒரு கையும் அசையாது.

அன்று ஆபரேஷன் வார்டுக்கு மாலைக்குள் விரிப்புகள் போயாக வேண்டும். காலையிலேயே மேனேஜர் போனில் சொல்லிவிட்டார்: "இன்னிக்கும் லேட்டாச்சுன்னா நீங்க பழையபடி தொட்டிக்கே போயிடுங்க." பல வருஷம் அந்த ப்ளீச் தொட்டியில் கை வெந்துதான் அவள் மேலே வந்திருந்தாள்.

விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனை தரையில் கிடந்தது. ஒருத்திக்குத் திடீரென்று தலைவலி, இன்னொருத்திக்கு இடுப்புப் பிடிப்பு, மற்றவர்கள் குழாயடியில் கை கழுவிக்கொண்டே இருந்தார்கள். படுபாவிகள்! அங்கேயே வேலை பார்த்த அவளுடைய ஓரகத்தி மட்டும் ஓடிவந்து முனையை எடுத்தாள்.

"பிடிங்கக்கா, நாம ரெண்டு பேருமே முடிச்சிடலாம்."

"குடும்பக் கம்பெனி ஆரம்பிச்சாச்சு போலிருக்கே" என்றாள் பெரியக்கா. கூடமே சிரித்தது.

மலைபோல் குவிந்ததை இரண்டு பேர் எவ்வளவுதான் மடிப்பது? மதியம் தாண்டியும் கால்வாசிகூட முடியவில்லை. அவள் மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு இஸ்திரி மேஜைக்குப் போனாள்.

"பெரியக்கா, நீங்க அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

பெரியக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "சொல்றதுக்கு நான் யாரு? நீதானே சூப்பர்வைசர்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தொட்டியில ஆள் குறையுது. உன் ஓரகத்திய அனுப்பு. உன் வாயாலயே சொல்லணும், எல்லாருக்கும் கேக்கணும். மத்தத நான் பாத்துக்கறேன்."

ஓரகத்திக்கு ப்ளீச் ஆகாது. பட்டால் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடும். ஒரே அடுப்பில் சமைக்கிறவளுக்கு அது தெரியாதா? போன தடவை அவள் கை ஆறும்வரை இவள்தான் ஊட்டிவிட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். ஓரகத்தி அடுத்த விரிப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீ தொட்டிக்குப் போ" என்றாள் சத்தமாக.

"நானா? அக்கா, என் கை..."

"சொன்னதைச் செய்."

பெரியக்கா லேசாகத் தலையசைத்தாள். குழாயடி காலியானது, தலைவலி பறந்துபோனது. ஆளுக்கொரு முனையாக எடுத்து மடித்துத் தள்ளினார்கள். பொழுது சாய்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். "இப்பதாம்மா உங்களுக்கு வேலை வாங்கத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

வேலை முடிந்து வாசலில் அவள் காத்து நின்றாள். இரண்டு பேரும் தினமும் சேர்ந்துதான் வீட்டுக்குப் போவார்கள். ஓரகத்தி இரண்டு கைகளிலும் ஈரத்துணி சுற்றிக்கொண்டு வந்தாள். பையை வாங்கிக்கொள்ள இவள் கையை நீட்டினாள்.

ஓரகத்தி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "நீங்க போங்க, மேடம்" என்றாள்.