ஆயிரத்து அறுநூறு டிகிரி

உருக்காலை மேலாளர் நல்ல மனிதர். அதுதான் தொல்லையாகப் போயிற்று. கத்துகிற ஆளிடம் திருப்பிக் கத்தலாம், இவரோ காலில் விழாத குறையாகப் பேசினார்.

“அந்தச் சூட்டுல ஒண்ணுமே மிஞ்சாதும்மா. வெறும் இரும்பை வாங்கிட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க?”

முந்தாநாள் காலை ஷிப்டில் கைப்பிடிக் கம்பி முறிந்து, அப்பா கொதிக்கும் உருக்குக் கொப்பரைக்குள் விழுந்தார். அந்த உருக்கை அச்சில் ஊற்றி, நாலு டன் கட்டியாக ஆலை முற்றத்து ஓரத்தில் வைத்திருந்தார்கள். மதியம் அது மறுபடி உருக்கப் போய்விடும். அதற்குள் வாங்கிவிட்டால் அம்மாவுக்குப் புதைக்க ஏதோ ஒன்று இருக்கும். இல்லையென்றால் அதுவும் கிடையாது.

மேலாளர் எதிரே நின்ற மூத்த மகள் கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். “இதெல்லாம் சோறு போடுமா?” என்று அவள் படிப்பைக் கிண்டல் செய்வதில் அப்பாதான் முதல் ஆள். இன்றைக்கு அந்தப் படிப்பைத் தவிர அவள் கையில் வேறொன்றும் இல்லை.

“சார், பிரபஞ்சம் ஆரம்பத்துல பயங்கரச் சூடு. எலக்ட்ரான் எதுவும் அணுக்கருவோட ஒட்டவே முடியல. ஆறி ஆறி மூவாயிரம் டிகிரிக்கு வந்த பிறகுதான் முதல் அணுவே உருவாச்சு. உங்க கொப்பரை எவ்வளவு?”

“ஆயிரத்து அறுநூறு.”

“கிட்டத்தட்ட பாதி. அப்ப எங்கப்பாவோட அணு ஒண்ணுகூட அழியல. ஒண்ணுமே இல்லன்னு எப்படி சார் சொல்றீங்க?”

மேலாளர் லாரிக்குச் சொல்லி அனுப்பினார். முற்றத்துக்கு நடக்கும்போது மட்டும், பின்னால் வந்த அம்மாவுக்குக் கேட்காமல் அவள் பக்கம் குனிந்து, “உடம்புல பாதிக்கு மேல தண்ணி. அழியலதான், ஆனா ஆவியா புகைபோக்கி வழியாப் போயிருக்கும். உனக்குத் தெரியாதா என்ன?” என்றார்.

“தெரியும் சார். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க.”

சொல்லும்போதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. படித்த படிப்பை வைத்துப் பெற்றவளையே ஏமாற்றுகிறாள்.

கட்டி ஒரு கட்டில் நீளத்துக்குக் கறுப்பாகக் கிடந்தது. அம்மா மெல்ல உள்ளங்கையை வைத்தாள். முகம் மாறிவிட்டது. கையை எடுக்கவே இல்லை.

லாரிக்காரர் சங்கிலியோடு கிட்டே வந்தார். அம்மா அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினாள். பிறகு மகளைப் பார்த்து அலறினாள்.

“உடம்பு இன்னும் சூடா இருக்குடி! எப்படிடி புதைக்கிறது?”