பசறை பஸ்ஸின் மேல் பொறாமை

என் வீட்டுக்காரர் இத்ரூஸுக்கு ‘ஏலாது’ என்ற சொல் மட்டும் வாயில் வராது. பதுளை பஸாரில் மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் செப்புக்கம்பி சுற்றிக் கொடுக்கிற கடை அவருடையது. திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியும் வாடகைக்குப் போகும். கடையின் பின்பாதியில் என் தையல் மெஷின். யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், “வச்சிட்டுப் போங்க, பாப்போம்” என்று சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்வது அவர் மட்டுமல்ல, நானும்தான்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் மழைக்காலத்தில் இரகுநாதன் சேர் கனத்த கீழ்ச்சுரம் வாசிக்கிற ஒரு பழைய பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்தார். சேர் யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவைத் திணைக்களத்தில் வேலை. பெட்டியைத் திறந்ததும் பூஞ்சணம் மணத்தது. தந்திகள் துருப்பிடித்துக் கிடந்தன. உடம்பின் நடுவில் இரண்டு கறுப்புப் பட்டைகள் இருந்தன. அவற்றுக்குப் பெயர் பிக்-அப் என்றும், தந்தியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அவைதான் என்றும் சேர் சொன்னார். என் வீட்டுக்காரர் மீற்றரை வைத்துப் பார்த்தார். இரண்டிலும் முள் அசையவில்லை.

“உள்ள கம்பிக் கொயில் அறுந்து போச்சு சேர். சுத்தலாம்” என்றார் இவர்.

“சேர், இந்த வயசுல என்னத்துக்கு இது?” என்று கேட்டேன். எனக்கு வாய் சும்மா இராது.

சேர் கோபிக்கவில்லை. “என்ரை மனுசி யோகத்துக்குக் காது கேக்கிறது குறைஞ்சு போட்டுது தங்கச்சி. உச்சத்திலை இருக்கிற சத்தம் ஒண்டும் விளங்காது. குசினியிலை கேத்தில் கூவுறது கேளாது, என்ரை குரலும் கேளாது. ஆனா பசறைக்குப் போற பஸ் ஏத்தம் ஏறுற உறுமல் மட்டும் நல்லாக் கேக்குதாம். எனக்கு அந்த பஸ்ஸிலை பொறாமையாக் கிடக்கு” என்றார்.

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிச்சம் இருப்பதும் மெல்ல மெல்லப் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதற்கு முந்தி ஒருக்கா தன் வாசிப்பை யோகம்மா அக்கா கேட்க வேண்டும், அவ்வளவுதான் சேருடைய ஆசை. வாலிபத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு இசைக்கோஷ்டியில் இதைத்தான் வாசித்தாராம். அப்போது அக்கா பக்கத்து வீடு.

“நானே கட்டின ஒரு மெட்டு இருந்தது. அதிலை ஒரு இடத்திலை எனக்கு எப்பவும் விரல் வழுக்கும். மற்ற ஆக்கள் ஒருத்தருக்கும் விளங்காது, கை தட்டுவினம். இவ மட்டும் வேலிக்கு அங்காலை நிண்டு சிரிப்பா.”

அந்தச் சிரிப்பைக் கட்டிக்கொண்டவர் சேர்.

கிட்டாரின் வளைந்த கழுத்தை நிமிர்த்தி, துருவைச் சுரண்டி, கொழும்பிலிருந்து புதுத் தந்தி எடுப்பித்துப் போட்டதெல்லாம் லேசாக முடிந்தது. பிக்-அப்தான் உயிரை எடுத்தது. அதற்கு வேண்டிய கம்பி தலைமயிரைவிட மெல்லியது, ஆயிரக்கணக்கான சுற்று. மோட்டார்க் கம்பி இழுத்துப் பழகிய இவருடைய கைக்கு அது எங்கே தாங்கும்? சுற்றுவார், அறும். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பச் சுற்றுவார், திரும்ப அறும்.

“கொண்டாங்க இங்க” என்று ஒரு பிக்-அப்பைப் பறித்துக்கொண்டேன். என் மெஷின் சில்லின் பக்கத்தில் அதை ஒட்டி, ஊசி ஓடாமல் நட்டைத் தளர்த்திவிட்டு, கம்பியை இரண்டு விரலுக்கு நடுவே பட்டுநூல் விடுவது மாதிரி விட்டுச் சுற்றினேன். கம்பி அறுந்துபோகவே இல்லை. இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. மற்றதைத் தன்னுடைய சுற்றுமெஷினிலேயே, மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றி முடித்தார். எங்கள் இரண்டு பேருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒலிபெருக்கியில் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவரால் இரண்டையும் தட்டிப் பார்த்தோம். இரண்டும் டக் டக் என்றன. வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியோடு சேரின் குவார்ட்டர்ஸுக்குப் போனோம். யோகம்மா அக்கா வெளுத்த, மெல்லிய மனுஷி. நம் உதட்டைப் பார்த்துத்தான் பதில் சொல்வார். பலகைத் தரையில் பெட்டியை வைத்து, அதன் பக்கத்திலேயே அவரை உட்காரவைத்தோம். சேர் வாசித்தார்.

சத்தம் வந்தது, ஆனால் தகரம் சுரண்டுகிற மாதிரி மெலிந்த சத்தம். கீழ்ச்சுரம் ஒன்றிலும் கனமே இல்லை. அக்கா சேரின் விரலையே பார்த்துச் சிரித்தபடி தலையை ஆட்டினார்.

“நல்லாக் கேக்குது. வடிவா இருக்கு” என்றார்.

சேரின் முகம் மலர்ந்தது. அவர் வாசித்துக்கொண்டே இருக்கும்போது இவர் வயரைச் சரிபார்க்கப் போய், கை தவறி ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார். சிவப்பு லைட் அணைந்தது. சத்தம் போனது. சேரின் விரல் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா அதே சிரிப்போடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சேர் விரலை எடுத்துவிட்டார். புருஷன் மனம் நோகக்கூடாது என்று அந்த மனுஷி கேளாததைக் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. வாசலில் சேர், “பரவாயில்லைத் தம்பி, விடுங்கோ” என்றார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் வாயிலிருந்து அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்டேன்.

“ஏலாது போலதான் இருக்கு சேர்.”

“எவன் சொன்ன ஏலாதுன்னு? கிட்டாரைத் தூக்குங்க” என்றேன் நான்.

வீடு வரும் வரைக்கும் சண்டை. என் கொயில் பிழை என்றார் இவர். உங்களுடையதுதான் பிழை என்றேன் நான். கடையில் வைத்து ஒவ்வொன்றாகத் தந்தியை இழுத்துப் பார்த்தோம். மற்ற பிக்-அப்பின் திருகியை மூடிவிட்டு என்னுடையதை மட்டும் திறந்தால், மேசையில் இருந்த பிளேன்டீக் கோப்பை அதிர்ந்தது. அவருடையதை மட்டும் திறந்தாலும் அப்படியே. இரண்டையும் சேர்த்துத் திறந்தால் தகரம்தான். இரண்டு பேருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலையில் நான் ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைக்க உட்கார்ந்தேன். எதிரே இவர் ஒரு மின்விசிறிக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தையல் பழகுகிற பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, சில்லை எப்போதும் நம் பக்கமாகத்தான் திருப்ப வேண்டும், எதிர்ப்பக்கம் திருப்பினால் நூல் சிக்கும் என்பது. என் கைக்கு வேறு மாதிரி தெரியாது. சில்லை என் பக்கமாகத் திருப்பியபடியே நிமிர்ந்து பார்த்தேன். இவர் கைப்பிடியை முன்னால் தள்ளித் தள்ளிச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இங்க பாருங்க. நான் என் பக்கம் சுத்துறேன். நீங்க அந்தப் பக்கம் தள்ளுறீங்க. கிட்டாருக்கும் இப்பிடித்தானே சுத்தின?”

இவர் கை நின்றது. பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார்.

“கோயில் திருவிழாவுக்கு ரெண்டு ஸ்பீக்கர் பொக்ஸ் கட்டுவோமே, ஒண்டுல வயர் மாறிப்போனா பேஸ் விழுந்திரும். இதும் அதேதான் முஷ்ரிபா! ஒண்டு தள்ளக்குள்ள மத்தது இழுக்குது.”

திரும்பச் சுற்ற வேண்டியதில்லை. ஒன்றின் இரண்டு வயரையும் மாற்றிப் பற்றவைத்தால் போதும். யாருடையதை மாற்றுவது? நான் இன்னொரு சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தேன். இவரோ தன் கையால் சுற்றியதைக் கழற்றினார்.

“ஒன்ட கை பட்டதக் கழட்ட மனசில்ல” என்றார். பதினாறு வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு பேச்சு அவர் வாயில் வந்ததில்லை. நான் சட்டைக் கையைத் தலைகீழாகத் தைத்துவிட்டுப் பிறகு பிரித்தேன்.

அன்று பின்னேரமே போனோம். சேர் நம்பிக்கையில்லாமல்தான் கிட்டாரை வாங்கினார். அக்கா வழக்கம்போல அவருடைய விரலைப் பார்க்கத் தயாரானார்.

முதல் தந்தியைத் தொட்டதும் பலகைத் தரை என் பாதத்தில் நடுங்கியது. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. அக்கா கதவுப் பக்கம் திரும்பினார், பஸ் வருகிறதோ என்று பார்ப்பவர் போல. பிறகு மெல்லச் சேரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

சேர் அந்தப் பழைய மெட்டை வாசித்தார். நானும் இவரும் அக்காவையே பார்த்தோம். அக்காவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. கேட்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? போன தடவையும் நல்லாக் கேக்குது என்றுதானே சொன்னார்.

பாட்டு நடுவுக்கு வந்தது. சேரின் விரல் ஒரு இடத்தில் தடுக்கியது. எனக்கு அது விளங்கவேயில்லை.

மூடிய கண்ணைத் திறக்காமலே அக்கா களுக்கென்று சிரித்துவிட்டார்.

“இஞ்சாருங்கோ, உந்த இடத்தை இன்னும் பாடமாக்கேல்லையே நீங்கள்?”

சேரின் விரல் தந்தியிலேயே நின்றுவிட்டது. கன்னம் நனைந்ததைத் துடைக்கவும் மறந்துவிட்டார். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நான் விடவில்லை. பிறகு சேர் மெட்டை முதலிலிருந்து தொடங்கினார். அந்த இடம் வந்ததும் திரும்பவும் பிழைவிட்டார். இந்த முறை வேண்டுமென்றே விட்டார் என்று எனக்கே தெரிந்தது.