தேய்த்தெடுத்த மலை

என் வீட்டுக்காரருக்குக் கை சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் தேய்த்து வழவழப்பாக்கினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அருங்காட்சியகங்களுக்கு பிளாஸ்டரில் மாதிரிகள் செய்வது எங்கள் தொழில். நான் அச்சு செதுக்குவேன், அவர் வார்த்துத் தேய்ப்பார். இந்த முறை நிலாவில் உள்ள ஒரு பெரிய பள்ளம். பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பார்ப்பதற்காக, சாப்பாட்டு மேசை அகலத்தில்.

அதை வைக்கப்போகும் அருங்காட்சியகக் கூடத்தில் வழிகாட்டி வேலைக்கு என் அக்கா மனு போட்டிருந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. "பார்க்க முடியாதவங்க எப்படிம்மா விளக்குவாங்க?" என்று பொறுப்பாளர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மண்டையிலேயே ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கடைசியில் ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார். மாதிரியை முன்கூட்டித் தொடக்கூடாது. கூட்டத்தின் முன்னால் தொட்டபடியே விளக்க வேண்டும். சரியாகச் சொன்னால் வேலை.

அக்கா விளிம்பில் கை வைத்தாள்.

"இதுதான் கரை. பாறை வந்து மோதினப்போ எழும்பினது. வெளிப்பக்கம் நீளநீளமா வரி ஓடுதில்ல, அது சிதறித் தெறிச்ச மண்ணு." விரல்கள் உள்ளே இறங்கின. "சுவர் தாங்காம சரிஞ்சு சரிஞ்சு படியா உக்காந்திருக்கு."

கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பள்ளத்தின் நடுவில் விரல்கள் நின்றன. ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி அதே இடத்துக்கு வந்தன. வீட்டுக்காரர் தேய்த்து முடித்தபின் நான் மாதிரியைப் பார்க்கவில்லை; எட்டிப் பார்த்தேன், கூட்டத்தின் தலைகள்தான் தெரிந்தன.

"இங்க ஒரு மலை இருக்கணும்" என்றாள்.

"மாதிரியில இல்லாததைச் சொல்லக்கூடாதும்மா" என்றார் பொறுப்பாளர்.

"சின்னப் பள்ளம் கிண்ணம் மாதிரி இருக்கும் சார், அதுல மலை இருக்காது. இதுல சுவர் படிபடியா இருக்கே, அப்ப பெரிய பள்ளம். பெரிசுல அமுங்கின தரை அப்படியே கிடக்காது, எகிறி எழுந்து நடுவுல மலையா நின்னுடும். இந்த இடம் மட்டும் ரொம்ப வழவழன்னு இருக்கு. யாரோ தேச்சு எடுத்திருக்காங்க."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"வார்ப்புல கட்டி நின்னுடுச்சுன்னு நினைச்சேன்..." என்று முனகினார்.

"அடப்பாவி மனுஷா! நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கின மலை!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "மாப்பிள்ளை, கொஞ்சம் பிளாஸ்டர் குழைச்சுக் கொண்டாங்க" என்றாள். அவர் ஓடினார். ஒரு கை கரையில் இருக்க, மறு கையால் அவள் மலையைப் பிடித்து எழுப்பினாள். "கரையைவிட உயரமாப் போயிடக்கூடாது" என்று தடவி அளந்து நிறுத்தினாள்.

இறுகியதும் பொறுப்பாளர் தானாகவே கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தார். "கரை... படி... அட, மலை!" கண்ணைத் திறக்காமலேயே, "நாளைக்கே வேலைக்கு வந்துடுங்கம்மா" என்றார்.

"எங்க அக்காவாக்கும்!" என்று கூடமே அதிரச் சொன்னேன். யாருடைய அக்கா என்று யாரும் விசாரிக்கவில்லைதான், ஆனாலும் சொன்னேன்.

அந்த மலையில் அக்காவின் விரல் தடங்கள் அப்படியே இருக்கின்றன. என் வீட்டுக்காரருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கிறது. தேய்க்கிறேன் என்று பக்கத்தில் போனால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.