இராய்டாவின் காதில் பஞ்சு

வெனிசுவேலாவில் ஏரிக்கரை ஊரான மராகைபோவின் நகர வாத்தியக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. முன்னே நின்று கையசைத்து வாசிக்கவைக்கப் புதிதாக வரும் நடத்துநரை அரசாங்கமே அனுப்பியிருந்தாலும் சரி, கச்சேரிக்கு முந்தின ஒத்திகை முடிந்ததும் வாசிக்கிறவர்கள் வாக்குப் போடுவார்கள். பாதிக்கு மேல் 'வேண்டும்' என்றால்தான் அவருக்கு வேலை நிரந்தரம்.

இராய்டா ஃபுவென்மாயோர் அந்த வாக்கை நினைத்தே தூக்கம் கெட்டுக் கிடந்தாள். பள்ளிப் பிள்ளைகளின் வாத்தியக் குழுவை நடத்தியே தலை நரைத்தவள். பெரியவர்களின் குழு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. விட்டால் இன்னொன்று வராது.

கச்சேரியில் வாசிக்க வேண்டிய வால்ஸ் என்ற நடனப் பாட்டில்தான் சிக்கல். ஏரிக்காற்று மாதிரி கிளம்பும் பாட்டு, நடுவில் வந்ததும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்குவதைப் போல ஆகிவிடும்.

"டீச்சரம்மா, இந்த வேகத்துல போனா கச்சேரி முடியறதுக்குள்ள கிறிஸ்துமஸ் வந்துடும்" என்றார் முதல் வயலின்காரர் எவாரிஸ்தோ.

"சும்மா இருங்க சார்" என்றாள் யுலிமார். ட்ராம்போன் என்ற நீளமான பித்தளைக் குழலை ஊதுகிறவள், இராய்டாவின் பழைய மாணவி. "சின்ன வயசுல நான் சரியான சுரத்தைப் பிடிக்கிற வரைக்கும் பொறுமையா காத்திருந்தவங்க அவங்க."

"அப்படியா? எப்பம்மா பிடிச்சே?"

அரங்கமே சிரித்தது. இராய்டாவும் சிரித்துவைத்தாள். பிறகு, "நான் இல்லாம ஒரு தடவை வாசிங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். வால்ஸ் எங்கேயும் தூங்கவில்லை. அழகாக ஓடி முடிந்தது. அவள்தான் பிரேக்!

வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்தபோது காரணம் பிடிபட்டது. நடத்துநரின் கை தாளத்தைத் தட்டுகிற அதே நொடியில் சத்தம் வந்துவிடாது. வயலின் வில் நரம்பைப் பற்ற வேண்டும், குழலுக்குள் மூச்சு நிறைய வேண்டும். பெரிய குழுவில் கை முன்னே போகும், சத்தம் அரை அடி பின்னால் வரும். பிள்ளைகளிடம் இது நடக்காது. கடைசிப் பிள்ளையும் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த தட்டு. அந்தப் பழக்கத்தில் அவள் இங்கேயும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். இவர்களோ அவள் கையைப் பார்த்து வாசிக்கிறவர்கள். கை தயங்கினால், 'மெதுவாக வேண்டும்போல' என்று இன்னும் பின்வாங்குவார்கள். வாசலில் இரண்டு பேர் "நீங்க போங்க", "இல்ல, நீங்க முதல்ல" என்று நின்றால் யார் உள்ளே போவது?

புரிந்துவிட்டது என்பதற்காகக் கை திருந்திவிடுமா? சத்தம் கேட்டால்தானே காத்திருக்கத் தோன்றும் என்று, கடைசி ஒத்திகைக்கு இரண்டு காதிலும் ஒன்றும் கேட்காதபடி பஞ்சை அடைத்துக்கொண்டு, முடியை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

கை பிரமாதமாகப் போயிற்று. வில்கள் எல்லாம் ஒன்றாக ஏறி இறங்கின, குழல்காரர்களின் கன்னங்கள் உப்பின. தெம்பு வந்துவிட்ட இராய்டா, ட்ராம்போன் பக்கம் திரும்பி, 'சத்தத்தைக் குறை' என்று கண்டிப்பாக ஜாடை காட்டினாள்.

யுலிமாரின் முகம் சிவந்தது. முரசுக்காரர் முரசின் மேலேயே கவிழ்ந்துவிட்டார். இராய்டா பஞ்சைப் பிடுங்கினாள். கேட்டது சிரிப்புச் சத்தம் மட்டும்தான்.

"எவ்வளவு நேரமா இந்தக் கூத்து?"

"ரெண்டாவது பக்கத்துலருந்து, டீச்சரம்மா. பஞ்சு எட்டிப் பார்த்துச்சு" என்றார் எவாரிஸ்தோ. "வில்லை நரம்புல படாம தூக்கிப் பிடிக்கிறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? கை கடுக்குது."

இன்னும் சற்று நேரத்தில் வாக்கு.

"ஆனா ஒண்ணு" என்றார் அவர், சிரித்துச் சிரித்து நீர் கோத்த கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஒரு சத்தம் வரல, நீங்களும் நிக்கல. இப்படி இழுத்துட்டுப் போனா நாங்க பின்னாடியே வந்துட மாட்டோமா? பஞ்சு இல்லாம இன்னொரு தடவை."

அவள் கையைத் தூக்கினாள். கை விழுந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அந்த இம்மி நேர வெறுமையில், நில், நில் என்று உள்ளே என்னவோ பதறியது. அவள் நிற்கவில்லை. கிளம்பிவிட்ட பஸ்ஸில் ஓடி வந்து தொற்றிக்கொள்கிறவர்களைப் போலச் சத்தம் வந்து ஏறிக்கொண்டது. அடுத்த தட்டுக்கும் அப்படியே. வால்ஸ் கண் அயராமல் கரை சேர்ந்தது.

வாக்கில் மயிரிழையில் ஜெயித்தாள்.

"எதிரா போட்டது யாருன்னு கேக்காதீங்க" என்றார் எவாரிஸ்தோ. "ஆனா வாசிக்கவே வாசிக்காத ட்ராம்போனை அதட்டினா அதுக்குக் கோபம் வரத்தான் செய்யும்."

"ஐயோ டீச்சர், நான் உங்களுக்குத்தான் போட்டேன்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் யுலிமார்.

சனிக்கிழமை பிள்ளைகளின் வகுப்பு. புது நிரந்தர நடத்துநரின் கை முன்னே பறந்தது. நாலு தட்டு போவதற்குள் இரண்டு வயலின்தான் கூட இருந்தன. முன்வரிசைச் சிறுமி ஒருத்தி வில்லை மடியில் வைத்துவிட்டாள்.

"டீச்சர், எங்க போறீங்க? நாங்க இன்னும் முதல் தட்டுலதான் இருக்கோம்."

இராய்டா தூக்கிய கையை அப்படியே நிறுத்தினாள். கடைசிப் பையன் தன் சுரத்தைத் தேடிக்கொண்டிருந்தான். அதன் பக்கத்தில் வந்தான், தாண்டிப் போனான், திரும்பி வந்தான். அவளுக்குத் தோள் வலிக்கத் தொடங்கியது. ஆனாலும் கை இறங்கவில்லை.