முப்பது கிலோ கறி மீதி

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடும் மெஸ் என்னுடையது. பதினாலு வருஷமாக நடத்துகிறேன். ஒரு கரண்டி சோற்றைக் கூடக் கொட்டியதில்லை. கொட்டுவதற்கு யாராவது விட்டுவைத்தால்தானே! பாத்திரம் கழுவும் அய்யம்மாள் மீந்த சோற்றையும் குழம்பையும் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோவாள். வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள், கை வெந்து வேலைக்குப் போக முடியாத புருஷன். அவர்களுடைய ராச்சாப்பாடே அதுதான். அதற்கும் மேல் மிஞ்சினால் கழனித்தொட்டி, தொட்டிக்குப் பக்கத்து வீட்டு எருமை. எருமை மிச்சம் வைத்து நான் பார்த்ததில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் 2008-இல் சாம்சுந்தர் உணவு வீணாவதைத் தடுக்க வந்து சேர்ந்தான்.

எங்கள் ஊர் தேவமணி டீச்சரின் மகன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன். ‘பருக்கை’ என்று ஒரு இணையதளம் செய்திருந்தான். மெஸ், ஓட்டல், கல்யாண மண்டபம் எங்கே சாப்பாடு மீந்தாலும் அதில் பதிந்துவிட வேண்டும். அது எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். அனுப்பும். முதலில் ‘எஸ்’ என்று பதில் போடுகிறவருக்குச் சாப்பாடு. லேப்டாப்பைத் திறந்து காட்டினான். கண், வாய் எல்லாம் வைத்த ஒரு சோற்றுப் பருக்கை என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“ஒரு நாளைக்கு எம்புட்டு கிலோ வேஸ்ட் ஆகுதுக்கா?”

“ஒண்ணும் ஆகலை தம்பி.”

“அப்படி இருக்க முடியாதுக்கா. உலகம் பூரா மூணுல ஒரு பங்கு வேஸ்ட் ஆகுதாம்.”

“உலகத்துல ஆகும். இங்கன ஆகலை.”

பூஜ்யம் என்று அடித்தான். லேப்டாப் சிவப்பாகி, ‘சரியான எண்ணை இடவும்’ என்றது. சுற்றுமுற்றும் பார்த்தவன் கண்ணில் அய்யம்மாளின் தூக்குவாளி பட்டது. அதை எடுத்துத் தராசில் வைத்தான். நாலரை கிலோ. ‘வீணாகும் உணவு’ என்ற இடத்தில் நாலரை என்று போட்டான். உடனே பச்சையாகிவிட்டது. மூன்று பிள்ளைகளின் சாப்பாடு ஒரே தட்டலில் வீணாகிப்போனதைப் பார்த்து எனக்குச் சுருக்கென்றது.

“அந்தம்மாவும் பதிஞ்சுக்கிடட்டும்க்கா. செல் நம்பரும் நிறுவனத்தோட பேரும் இருந்தாப் போதும்” என்றான் பெரிய மனது பண்ணி.

அய்யம்மாளிடம் செல் கிடையாது. “நிறுவனம்னா என்ன தம்பி?” என்று கேட்டாள்.

“நாலு பேரு சேர்ந்து நடத்துறதும்மா.”

“எங்க வீட்டுல அஞ்சு பேரு இருக்கோமே.”

அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்றான்.

அன்றைக்கே அவனை வாசலோடு அனுப்பியிருப்பேன். ஆனால் முதலாளி முத்துப்பாண்டி குறுக்கே வந்தார். என் மெஸ்ஸில் பாதிச் சாப்பாடு அவர் கம்பெனிக்குத்தான் போகிறது. இணையதளத்தில் நன்றி சொல்லும் இடத்தில் அவர் போட்டோவைப் போடுவதாக சாம்சுந்தர் சொல்லிவிட்டான். “அந்தத் தம்பி சொல்றபடி செய்யும்மா. நம்ம பேரு நாலு இடத்துல தெரியும்ல” என்றார் முதலாளி. அவர் ஆர்டர் நின்றால் என் அடுப்பு அணைந்துவிடும். தலையாட்டினேன்.

சீசன் முடிகிற அன்று தொழிலாளிகளுக்கு முதலாளி கறிச்சோறு போடுவது வழக்கம். அன்றைக்கே தொடக்க விழாவையும் வைத்தார்கள். பருக்கைக்குப் பணம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு அதிகாரி சென்னையிலிருந்து வருவதாக ஏற்பாடு. சாம்சுந்தருக்கு ஒரே கவலை.

“அக்கா, அன்னைக்கு மட்டும் கண்டிப்பா மீதி இருக்கணும். இல்லைன்னா எதைக் காட்ட?”

மீதி இருப்பதற்காக முதலாளி இரண்டு ஆடு கூடுதலாக அறுக்கச் சொன்னார். வீணாவதைத் தடுக்கும் விழாவுக்கு வீணாக்குவதற்கென்று தனியாகச் சமைத்த ஒரே மெஸ் என்னுடையதாகத்தான் இருக்கும். அய்யம்மாளுக்கு மட்டும் சந்தோஷம். அன்று இன்னொரு வாளியும் கொண்டுவந்திருந்தாள். “சாயங்காலம் கறிச்சோறு கொண்டாரேன்னு பிள்ளைககிட்ட சொல்லிட்டேன்க்கா” என்றாள். “எம்புட்டு வேணுமோ அள்ளிட்டுப் போ” என்று நானும் வாயை விட்டேன்.

பந்தி முடிந்தது. அதிகாரி இலை போட்டு இரண்டு தடவை கறி வாங்கிச் சாப்பிட்டார். முப்பது கிலோ மீந்தது. இரண்டு மணிக்கு முதலாளி பட்டனை அழுத்த, எஸ்.எம்.எஸ். பறந்தது. அப்போதெல்லாம் பாதி செல்லில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அதனால் இங்கிலீஷ் எழுத்தில் ‘கறி 30 கிலோ மீதி, இலவசம், உடனே எடுத்துச் செல்லவும்’ என்று அனுப்பியிருந்தான். நம்பர்களை எங்கே பிடித்தான் என்கிறீர்கள்? திருத்தங்கலில் காலண்டர் அடிக்கும் பிரஸ்ஸில். அங்கே காலண்டருக்கு ஆர்டர் கொடுப்பவர்கள் அத்தனை பேரும் சின்னச் சின்னப் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள்.

எங்கள் பக்கம் கறி சோற்றுக்கு, கரி மருந்துக்கு. வெடிமருந்தில் கலக்கும் கரித்தூளைத்தான் சொல்கிறேன். இங்கிலீஷ் எழுத்தில் இரண்டும் ஒன்று. வாயால் சொன்னாலும் பெரிய வித்தியாசமில்லை.

கால் மணி நேரத்தில் ஒரு லோடு ஆட்டோவும் ஏழெட்டு டி.வி.எஸ். வண்டிகளும் சாக்குகளோடு வந்து நின்றன. முதலில் ‘எஸ்’ போட்டவர் சீனிச்சாமி. விஸ்வநத்தத்திலேயே சக்கரம், புஸ்வாணம் போடுகிறவர்.

“கரி எங்கனக்கா இருக்கு?”

அண்டாவைக் காட்டினேன்.

“அண்டாவுலயா வச்சிருக்கீக? ஈரம் பட்டுறாதா?”

“ஈரமாத்தான இருக்கும். குழம்புல்ல?”

“கரியில என்னக்கா குழம்பு?”

மூடியைத் திறந்தேன். எட்டிப்பார்த்தவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து அதிகாரி கேமராவைத் தூக்கி, “பயனாளி கொஞ்சம் சிரிங்க” என்றார்.

“யாரு பயனாளி? நான் முப்பது பேருக்குச் சம்பளம் குடுக்கவன்” என்று கத்தின சீனிச்சாமி, சாம்சுந்தர் பக்கம் திரும்பினார். “ஏலே, மிச்சச் சோத்துக்கு சாக்கு தூக்கிட்டு வந்தவன்னு என்னைப் போட்டோ பிடிக்கவா கூப்பிட்ட?”

ஆட்டோ கிளம்பியது. பின்னாலேயே மற்ற சாக்குகளும் போயின. ஆனால் கறி அவர் பேரில் புக் ஆகிவிட்டதே! அதே நம்பரிலிருந்து ‘நோ’ என்று வந்தால்தான் விடுபடும், இல்லையென்றால் ஆறு மணிக்குத் தானாக விடுபடும் என்றான் சாம்சுந்தர். பட்டாசுக் கம்பெனிக்குள் செல் கொண்டுபோகக் கூடாது. ஆத்திரத்தோடு கம்பெனிக்குள் திரும்பிப் போன சீனிச்சாமியின் செல் வாசலில் வாட்ச்மேனிடம் அணைந்து கிடந்தது. சாம்சுந்தர் பதினோரு தடவை அடித்துப் பார்த்தான். நேரில் போய்க் கேட்க அவனுக்குத் தைரியமில்லை.

அய்யம்மாள் வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அண்டாப் பக்கம் வந்து நின்றாள்.

“தம்பி, இவளுக்குத் திறந்து குடுத்துருவமா?” என்றேன்.

“ஐயோ அக்கா! புக் ஆனதை வேற ஆளுக்குக் குடுத்தா சிஸ்டத்து மேல நம்பிக்கையே போயிரும்.”

“இந்த ஒழுங்குதான் முக்கியம்” என்று அதிகாரி மெச்சிக்கொண்டார். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஊர் வம்புக்கெல்லாம் நீளும் என் வாய் அன்று திறக்கவில்லை. ஆர்டர் போய்விடும் என்று பயந்தேன். அதுதான் உண்மை, வேறு காரணம் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது. நாலு மணிக்கு அதிகாரியும் முதலாளியும் கிளம்பிப் போன பிறகாவது திறந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. இன்னும் இரண்டு மணி நேரம்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆறு மணிக்கு லேப்டாப் உத்தரவு கொடுத்தது. மூடியைத் திறந்தேன். விடியற்காலையில் ஆக்கிய கறி, கொதிக்கக் கொதிக்க மூடி அடுப்பங்கரை வெக்கையில் இருந்தது. நுரை கட்டிப் புளித்து நாறியது. அய்யம்மாள் குனிந்து பார்த்தாள். கொல்லைக்குப் போய் மண்வெட்டியை எடுத்துவந்தாள்.

நான் அதைப் பிடுங்கி சாம்சுந்தர் கையில் கொடுத்தேன். பத்து வெட்டு வெட்டுவதற்குள் அவன் உள்ளங்கையில் கொப்புளம் வந்துவிட்டது. “குடுங்க தம்பி, நேரமாச்சு. பிள்ளைக வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கும்” என்று அவளே வாங்கிக் குழியைத் தோண்டி முடித்தாள். இரண்டு பேருமாக அண்டாவைச் சாய்த்தோம். மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது என் செல் கிணுகிணுத்தது.

“என்னக்கா வந்திருக்கு?”

வாசித்தேன். “பருக்கை மூலம் இன்று முப்பது கிலோ உணவு காப்பாற்றப்பட்டது. நன்றி.”

அய்யம்மாள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். “யாருக்கா தின்னா?” என்று கேட்டாள். கேலி பண்ணவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவேண்டியிருந்தது.

நான் சாம்சுந்தரைப் பார்த்தேன். கொப்புளத்தை ஊதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான்.

“அதை நாங்க கேக்குறதில்லைக்கா” என்றான்.